முன்வாசல் திறக்கும் என்று சொன்னவன்

கார்லண்ட் என்ற பெயரை மெல்வினா முதன்முதலில் கேட்டபோது சமையலறையில் டர்னிப் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அப்பா ஓபேத்தும் சித்தப்பா எசேக்கியாவும் படகிலிருந்து வந்து, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஓபேத் அதிகம் சிரிக்கிற மனிதர் இல்லை. மனைவி தொர்க்காள் இறந்த பிறகு அவர் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே மகளுக்கு மறந்துபோயிருந்தது. அதனால் கத்தியை வைத்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டாள்.

படகுக்குப் புது ஆள் ஒருவனைச் சேர்த்திருந்தார்கள். பர்ச் ஆர்ம் ஊர்க்காரன், பன்கே குடும்பம். சித்தப்பாவின் மச்சினன் லேவி கட்டிய பெண்ணுக்கு ஒன்றுவிட்ட தம்பி. எஞ்சின் வேலை தெரியுமா என்று கேட்டதற்குத் தெரியும் என்றிருக்கிறான். நடுக்கடலில் எஞ்சின் இருமத் தொடங்கியதும் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தான். பிரித்ததையெல்லாம் வாளியில் போட்டுவிட்டு, வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான். திருப்பி மாட்டத் தெரியுமா என்றதற்கும் தெரியும் என்றான். இதற்கு முன்னால் எஞ்சினை எப்போது தொட்டாய் என்று எசேக்கியா கேட்டபோதுதான், இன்றைக்குத்தான் என்று சொன்னானாம்.

"துடுப்புப் போட்டுக்கிட்டே வந்து சேந்தோம் பொண்ணே," என்றார் ஓபேத், கண்ணைத் துடைத்தபடி. "துடுப்புப் போடத் தெரியுமாடான்னேன். அதுக்கும் தெரியும்னான். அது ஒண்ணுதான் நெசம்."

"கார்லண்டுன்னு பேரு," என்றார் சித்தப்பா. "இல்லைங்கற சொல்லு அவன் வாயில ஊறாது போல."

அந்த வாயை மெல்வினாவுக்குப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று. அந்த வீட்டில் அவள் கேட்டு வளர்ந்ததெல்லாம் இல்லை என்பதுதான். மீன் இல்லை, காற்று சரியில்லை, அம்மா இல்லை. பள்ளிக்கூட ஹாலில் நடந்த கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் அவனைப் பார்த்தபோது, ஆடத் தெரியுமா என்று அவளே போய்க் கேட்டாள். தெரியும் என்றான். ஆட்டம் முடிந்தபோது அவள் கால் கட்டைவிரல் வீங்கியிருந்தது. அடுத்த இலையுதிர் காலத்தில் கல்யாணம். ஒரே பெண்ணாச்சே, அப்பாவைத் தனியாக விட்டுப் போக முடியாது. கார்லண்ட் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்துவிட்டான். வருவாயா என்று கேட்டபோது அவன் என்ன சொல்லியிருப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

பொய்க்காரன் என்று அவனை ஒதுக்கிவிட முடியாது. கேட்பவர் முகம் வாடக் கூடாது, அவனுக்கு அவ்வளவுதான். முதலில் ஆமாம் என்றுவிடுவான். அப்புறம் அந்த ஆமாமை உண்மையாக்க ஊரெல்லாம் ஓடுவான். லேவியின் பெண்டாட்டிக்குப் பிரசவத்துக்கு முன்னால் தொட்டில் செய்து தருகிறேன் என்றான். தொட்டில் வந்தது. அதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்ததால் அவள் அதில் உருளைக்கிழங்கு போட்டு வைத்துக்கொண்டாள். அதைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். டில்ட் ஹார்பர் என்ற அந்த ஊரில் அவனை வெறுத்தவர் யாரும் இல்லை.

இனி அந்த முன்வாசல்.

கனடாவின் கிழக்கோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் யார் வீட்டிலும் போவது வருவது பின்வாசல் வழியாகத்தான். கதவைத் தட்டுகிற வழக்கமும் இல்லை. தட்டினால் போலீஸோ வெளியூர்க்காரனோ என்று வீட்டுக்குள் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். முன்வாசல் என்று ஒன்று கடலைப் பார்த்தபடி இருக்கும், ஆனால் அதற்குப் படி கிடையாது. கதவைத் திறந்தால் நெஞ்சு உயரத்துக்குக் கீழே பாறை. செத்தவர்கள் அந்த வழியாகப் போவார்கள். அன்றைக்கு மட்டும் மீன் துறையிலிருந்து பலகைகளைக் கொண்டுவந்து சரிவாகப் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். கடலுக்கு முகம் காட்டிவிட்டுத்தான் கல்லறை மேட்டுக்குத் திரும்புவார்கள். தொர்க்காள் அப்படித்தான் போனாள். மெல்வினா அப்போது சின்னப் பெண். பலகை அதிர்ந்ததும், அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கியதும் அவளுக்கு எப்போதும் கண்ணில் நின்றது.

ஓபேத்துக்கு நெஞ்சுச் சளி முற்றி மாடி ஏற முடியாமல் போனபோது, கட்டிலை முன்னறைக்கு இறக்கினார்கள். அங்கேதான் வந்தது தொல்லை. முன்வாசல் கதவு பழைய மரம். காற்று தென்மேற்கிலிருந்து அடித்தால் அடி இடுக்கு வழியாகப் பனித்தூள் உள்ளே வந்து அவர் போர்வையில் கோடு போடும். மெல்வினா பழைய துணியைத் திணித்துப் பார்த்தாள், சாக்கைச் சுருட்டி வைத்துப் பார்த்தாள். கிழவர் ராத்திரி முழுக்க இருமினார்.

அந்த வருஷம் மீன் சரியில்லை. கார்லண்ட் டொராண்டோவுக்கு வேலைக்குப் போயிருந்தான். போன இடத்தில் எல்லா வீட்டுக்கும் வாசல் கதவுக்கு வெளியே இன்னொரு கதவு மாட்டியிருப்பதைப் பார்த்தான். அலுமினியச் சட்டம், கண்ணாடி, தானாக மூடிக்கொள்ள ஒரு குழாய், காற்று பிடுங்காமல் இருக்க மேலே ஒரு சங்கிலி. புயல் கதவு என்றார்கள். காற்றை அது வாங்கிக்கொள்ளும், உள்கதவுக்கு ஒன்றும் வராது. இடித்த வீடு ஒன்றிலிருந்து அப்படி ஒரு கதவைக் கேட்டு வாங்கி, மெத்தை உறைக்குள் சுற்றி, கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து இறக்கினான்.

அதைப் பார்க்க ஊரே வந்தது. கண்ணாடியின் நடுவில் தகரத்தில் வெட்டிய ஒரு பறவை, நீளக் கழுத்து, ஒற்றைக் காலில் நின்றது. என்ன பறவை என்று யாருக்கும் தெரியவில்லை. கொக்கு என்றார்கள், வாத்து என்றார்கள். எசேக்கியா சித்தப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு நம்ம பாறையில நின்னா ஒரே காத்துல முட்டி கழண்டுரும்," என்றார். "இது என்ன சாதிடா மவனே?"

கார்லண்டுக்கும் தெரியாது. அதனால் டொராண்டோ கோழி என்றான்.

மாட்டுகிற நாளில் வந்தது வினை. புதுக் கதவு ஏதாவது கிடைக்குமா பார்க்கலாம் என்று, ஊரை விட்டுப் போகும் முன்பே தூண்டில் நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டு வாசலை அளந்துகொண்டு போயிருந்தான். நடுவில் மட்டும் அளந்தான். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பாறைமேல் முட்டுக்கொடுத்து நிற்கிற வீடு அது. வருஷத்துக்கு வருஷம் முட்டுகள் அமர்ந்து நிலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கதவைத் தூக்கி வைத்துப் பார்த்தால் மேலே ஒரு விரல் அகலம் இடிக்கிறது. உள்ளே இறங்கவே இல்லை.

கார்லண்ட் வெளியே ஏணியில் நின்றான். மெல்வினா உள்ளே நின்று தோளால் கதவைத் தாங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் கண்ணாடி. அவன் ஏதோ சொன்னான், வாய் அசைந்தது, காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு கதவை நிலைக்குள் இறக்காமல் நிலையின் முகத்திலேயே அணைத்து வைத்து, கீல் பக்கம் நீள ஸ்க்ரூக்களை இறக்கினான். அடுத்தபடியாகத் தாழ்ப்பாள் பக்கமும் இறக்கினான். மேலேயும் இறக்கினான்.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவன் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

"ரெண்டு பக்கமும் முடுக்கினா எப்படித் தொறக்கும்?" என்று கேட்டாள்.

"இப்போதைக்குக் காத்து நிக்கட்டும் மெல்வி. வசந்தம் வந்ததும் நிலையை இழைச்சு, ஒழுங்கா கீல்ல மாட்டிடறேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

சுற்றிலும் மக்குப் பசை வைத்து இடுக்கை அடைத்தான். அன்று ராத்திரி போர்வையில் பனிக்கோடு விழவில்லை. ஓபேத் தூங்கினார்.

அதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் நடந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. பகலில் உள்கதவைத் திறந்து வைத்தால் கண்ணாடி வழியாகத் துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. கட்டிலில் படுத்தபடியே கிழவர் யார் படகு போகிறது, யார் படகு வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். லேவியின் படகு தாழ்ந்து வந்தால், இன்றைக்கு மீன் உண்டு என்று சமையலறைக்குக் குரல் கொடுப்பார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் மாப்பிள்ளை எனக்குக் கடலைக் கொண்டுவந்து கட்டில்கிட்ட வச்சிட்டான் என்று சொன்னார். கார்லண்ட் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் விறகு எடுக்க எழுந்து போய்விடுவான். வெட்கப்படுகிறான் என்று வந்தவர்கள் நினைத்தார்கள்.

வசந்தம் வந்தது. நண்டுக்கூடை போடும் காலம், அதனால் நிலை இழைக்க நேரம் இல்லை. அப்புறம் கூரை ஒழுகியது. அப்புறம் மகள் வேரா பிறந்தாள். அடுத்த வசந்தம் வந்தபோது மக்கு கல்லாக இறுகியிருந்தது, ஸ்க்ரூத் தலைகள் துருவேறிச் சிவந்திருந்தன. மெல்வினா ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். ஆமாம் ஆமாம் என்றான். அதன்பிறகு அவளும் கேட்கவில்லை. அந்த வாசலுக்குப் படி இல்லை, அதைத் தொடுவார் யாரும் இல்லை. திறக்காத கதவு என்று அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் பிற்பகல் ஓபேத் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். மெல்வினா சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முன்னறைக் கதவு திறந்திருந்ததால் கட்டிலின் கால்மாடும் கார்லண்டின் முதுகும் அவளுக்குத் தெரிந்தன.

"கார்லண்டு, இந்தக் கதவு நல்லாத் தொறக்கும்ல?" என்றார் கிழவர். "உங்கத்தை போன வழி. நானும் அதுலதான் போகணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

மெல்வினாவின் கை மாவிலேயே நின்றது. இப்போது சொல்வான் என்று பார்த்தாள். கார்லண்டின் கைகள் பாக்கெட்டுக்குள் போயின.

"தொறக்கும் மாமா," என்றான்.

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார், அது சமையலறை வரை கேட்டது. மெல்வினா மாவைத் திருப்பிப் போட்டாள். மறுபடி அடித்துப் பிசையத் தொடங்கினாள்.

பனி உருகத் தொடங்குமுன் ஓபேத் போய்விட்டார். முன்னறையிலேயே கிடத்தினார்கள். வழக்கப்படி உள்கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டார்கள். மூன்று நாள் பெட்டியோடு யாராவது ஒருவர் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். லேவி போனால் எசேக்கியா, எசேக்கியா எழுந்தால் லேவியின் பெண்டாட்டி. அந்த அறைக்குள் திருப்புளியோடு போய் நிற்க முடியாது. வெளியே ஏணி போட்டு ஏறினால், துக்கம் விசாரிக்க மேட்டில் ஏறி வருகிறவர்கள் பார்ப்பார்கள். அதனால் கார்லண்ட் காலையில் ஆள் வருமுன்னே கெட்டிலில் கொதிநீர் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனான். முன்பக்கம் முழுக்கக் கடல் தெறித்து உறைந்த பனி. வெந்நீரை ஊற்றி அதை உருக்கினான். அலுமினியமும் இரும்பும் உப்பில் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருந்தன. திருப்புளி வழுக்கி ஸ்க்ரூத் தலைகள் மழுங்கிப்போயின. உள்ளே வந்தபோது கைமுட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே வந்தவர்களுக்குத் தலையாட்டினான்.

மெல்வினா அதைப் பார்த்தாள். கெட்டில் மறுபடி மறுபடி வெளியே போவதையும் பார்த்தாள். கையில் தேநீர்த் தட்டு இருந்தது, திராட்சை ரொட்டி இருந்தது. எசேக்கியா சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சித்தப்பா, அந்தக் கதவு திறக்காது, என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒருமுறை திட்டிவிட்டு, லேவியைக் கூட்டிக்கொண்டு போய், தேநீர் ஆறுவதற்குள் அதைப் பெயர்த்து எறிந்திருப்பார். அந்த ஊரில் அப்படி உதவாத ஆள் யாருமே இல்லை. ஆனால் அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது, வந்து நின்றுவிட்டது. கார்லண்டுக்கும் அப்படித்தான் நின்றிருக்கும்.

அடக்கத்தன்று வானம் தெளிந்திருந்தது. அது இன்னும் மோசம். பக்கத்துத் துறைகளிலிருந்தெல்லாம் படகில் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஓபேத்தோடு கடலுக்குப் போனவர்கள், போகாதவர்கள், பர்ச் ஆர்மிலிருந்து கார்லண்டின் சொந்த அண்ணன்மார். முன்வாசலுக்குக் கீழே பலகையைச் சரிவாகப் போட்டு ஆணி அடித்தார்கள். இரண்டு பக்கமும் ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். பாதிரியார் வரிசையின் தலைப்பில் நின்றார். உள்ளே பெட்டியைத் தோளுக்குத் தூக்கியாயிற்று. லேவி உள்கதவைத் திறந்தான். வெளிச்சம் உள்ளே அடித்தது. கண்ணாடிக்கு அப்பால் கடல், பலகை, வெளியே நிற்கிற எல்லாருடைய முகமும்.

எசேக்கியா முன்னால் போய்ப் புயல் கதவை உள்ளங்கையால் தள்ளினார். அசையவில்லை. தாழ்ப்பாளைத் திருகிப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். தகரப் பறவை மட்டும் கொஞ்சம் அதிர்ந்தது.

"கார்லண்டு," என்றார் திரும்பாமல், "இதைத் தொறக்கறது எப்படி?"

கார்லண்ட் பெட்டியின் பின்பக்க முனையைத் தோளில் தாங்கியிருந்தான்.

"தொறக்காது சின்ன மாமா."

"தொறக்காதா?"

"சுத்திவர முடுக்கிட்டேன். அது கதவே இல்லை. அப்படியே கண்ணாடியை அடிச்சு நிறுத்தினதுதான்."

மெல்வினாவுக்குத் தெரிந்து அவன் வாயிலிருந்து வந்த முதல் இல்லை அது. பெட்டி தோளில் கனத்தது, தூக்கியவர்கள் கால் மாற்றி நின்றார்கள். வெளியே நின்றவர்கள் என்ன தாமதம் என்று கழுத்தை நீட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கையகலம்தான், எல்லாம் தெரிந்தது.

கார்லண்ட் தன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, கடப்பாரை கொண்டுவருகிறேன், உடைத்துவிடுகிறேன் என்றான். எசேக்கியா மெல்வினாவைப் பார்த்தார். அவளுடைய அப்பா, அவள்தான் சொல்ல வேண்டும்.

"எங்கப்பா உடைஞ்ச கண்ணாடி மேல போக வேணாம்," என்றாள். "பின்னால எடுத்துட்டுப் போங்க."

பின்வாசல் என்றால் சமையலறையைத் தாண்டிப் போக வேண்டும். மேசையை ஒதுக்கினார்கள், நாற்காலிகளை அடுப்பின் பக்கம் தள்ளினார்கள். அடுப்பின்மேல் கொதித்துக்கொண்டிருந்த உப்பு மாட்டிறைச்சிப் பானையை லேவியின் பெண்டாட்டி இறக்கினாள். சமையலறைக்கு அப்புறம் சின்னப் பின்கட்டு ஒன்று, அதில் ஒரு திருப்பம். பூட்ஸ், வலை, கழிவு வாளி எல்லாம் அங்கேதான். அந்தத் திருப்பத்தில் பெட்டி படுத்தபடி திரும்பவில்லை. முன்னே கொண்டுபோய்ப் பார்த்தார்கள், பின்னே இழுத்துப் பார்த்தார்கள்.

"நிமுத்துங்க," என்றார் எசேக்கியா கடைசியில். "கெட்டியாப் பிடிச்சுக்கங்க. அண்ணன் நின்னுக்கிட்டே போகட்டும்."

நிமிர்த்தினார்கள். பெட்டிக்குள் ஏதோ சரிந்த சத்தம் கேட்டது. யாரோ ஒருவன் சிரித்துவிட்டான், பதற்றத்தில்தான், உடனே வாயைப் பொத்திக்கொண்டான். மெல்வினா கழிவு வாளியைக் காலால் ஒதுக்கினாள். ஓபேத், டில்ட் ஹார்பரின் நல்ல மீன்காரர்களில் ஒருவர், கழிவு வாளியைத் தாண்டி நின்றபடி தன் வீட்டை விட்டுப் போனார்.

முன்பக்கம் வரிசையில் காத்திருந்தவர்கள் பலகையைப் பார்த்தபடியே நின்றார்கள். பெட்டி வீட்டின் மூலையைச் சுற்றி, விறகுக் குவியலின் பக்கமிருந்து வந்தது. முதலில் பார்த்தவர் பாதிரியார்தான். வரிசை முழுக்கத் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கார்லண்ட் எல்லாருக்கும் கடைசியில் தனியாக நடந்தான். அவன் சொந்த அண்ணன்மார்கூட அவன் பக்கத்தில் நடக்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, சுவருக்கு அப்பாலிருந்து இரும்பு கிறீச்சிடுகிற சத்தம் வந்தது. கார்லண்ட் கடப்பாரையால் கதவைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பிடுங்கப் பிடுங்க வீடே அதிர்ந்து, தட்டுகள் மேசையில் ஆடின. சாப்பிடுகிறவர்கள் சத்தமே கேட்காததுபோல் சாப்பிட்டார்கள். உப்பு போதுமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். எசேக்கியா தேநீரைக் குடித்து முடித்தார், தொப்பியை வைத்துக்கொண்டார், எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாக மெல்வினா பார்த்தாள். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த ஊர் அதைப் பற்றி நேராகப் பேசியதே இல்லை. ஆனால் ஜாடி மூடி இறுகிவிட்டால், கார்லண்டைக் கூப்பிடு, அவன் திறந்து தருவான் என்று கடையில் சொல்வார்கள். படகுச் சாவி தொலைந்தாலும் அதே பேச்சுதான். அவன் உள்ளே நுழைந்தால் பேச்சு வானிலைக்குத் திரும்பும். பெண்கள் மெல்வினாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். சர்ச்சில் நடந்த விருந்தில் லேவியின் பெண்டாட்டியே சொன்னாள்: "பாவம்டி நீ. உன்கிட்டகூடச் சொல்லாம இப்படிப் பண்ணிட்டானே." கார்லண்ட் அதே மேசையில், எதிரே இருந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே காரட்டை வெட்டினான். மெல்வினா தலையை ஆட்டினாள். ஆமாம் என்று அர்த்தம் வருகிற மாதிரித்தான் ஆட்டினாள்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ சண்டை வந்தது, புருஷன் பெண்டாட்டி என்றால் வராமலா. கோபத்தில் என்னென்னவோ சொல்லியிருக்கிறான். உனக்கும் தெரியும்தானே என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வந்ததில்லை. ஒவ்வொரு சண்டையிலும் இப்போது வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். வராமல் போகப்போக அவளுக்கு அது தாங்க முடியாததாகிவிட்டது.

அந்தக் கோடையில் அவன் நிலையை இழைத்தான். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும் அளந்தான். வளைந்த அலுமினியத்தைத் தட்டி நிமிர்த்தி, புதுக் கீல் போட்டு, அதே கதவைச் சரியாக மாட்டினான். சங்கிலி, குழாய் எல்லாம் வைத்தான். பிடுங்கும்போது பறவை கழன்று விழுந்த இடத்தில் வெறும் கண்ணாடி. பிறகு கீழே படியும் கைப்பிடியும் கட்டினான். டில்ட் ஹார்பரில் முன்வாசலுக்குப் படி வைத்த முதல் வீடு அதுதான். ஒருவரும் அதில் ஏறி வரவில்லை. குளிர் தொடங்குமுன் வருஷா வருஷம் அந்தக் கதவை அகலத் திறந்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, தானாக மூடுகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வருவான்.

ஆனால் ஆமாம் போய்விட்டது. யார் என்ன கேட்டாலும், பார்க்கணும் என்பான், தெரியல என்பான். வேரா சின்னவளாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை படகில் கூட்டிப் போவாயா அப்பா என்று கேட்டால், காத்தைப் பார்த்துச் சொல்றேன் என்பான். கூட்டிப் போவான், ஆனால் சொல்ல மாட்டான். அவள் கல்யாணத்துக்கு ஹாலிஃபாக்ஸ் வருவாயா என்று கேட்டபோதும் தெரியல என்றுதான் சொன்னான். எல்லாருக்கும் முன்னால் போய் நின்றதும் அவன்தான். சொன்ன சொல் தவறாத மனுஷன் என்று ஊரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர் வந்தது. மெல்வினாவுக்கு அந்தப் பெயரில் சந்தோஷம் இல்லை. அவளைக் கால் விரல் வீங்க ஆடவைத்தவன் வேறு ஆள்.

போன இலையுதிர் காலத்தில், கதவுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்து, மூச்சு வாங்க அடுப்புப் பக்கம் உட்கார்ந்தான். இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மெல்வி, என்னைப் பின்னால எடுத்துட்டுப் போகச் சொல்லு," என்றான்.

"அந்தக் கதவுதான் தொறக்குதே. அதுக்குத்தானே படி கட்டினே?"

"அது உனக்கு. மாமாவை நிக்கவச்சு அனுப்பினேன். நானும் நின்னுக்கிட்டே போறேன்."

மெல்வினா கையிலிருந்த கோப்பையை வைத்தாள்.

"அப்போ என்னையும் அதே வழியில எடுக்கட்டும்," என்றாள். "நீ தொறக்கும்னு சொன்னப்போ நானும்தான் மாவு பெசஞ்சுக்கிட்டு நின்னேன். எனக்கும் தெரியும். தெரிஞ்சே பேசாம இருந்தேன். ஊரெல்லாம் உன்னைச் சொன்னப்போவும் பேசாமத்தான் இருந்தேன்."

கார்லண்ட் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சத்தம் நின்னுச்சு," என்றான். "நீ மாவு அடிக்கற சத்தம். மாமா கேட்டதும் நின்னுச்சு. நான் பதில் சொன்னப்புறம் மறுபடி ஆரம்பிச்சுது."

"அப்போ இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

அவன் யோசித்தான். உரிந்து ஆறிய பழைய வடு இன்னும் இருந்த அந்தக் கைமுட்டியைத் தடவிக்கொண்டான்.

"தெரியல," என்றான்.

அவள் கெட்டிலில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தாள். அவன் கேட்டதற்கு அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கார்லண்ட் இப்போதும் டில்ட் ஹார்பரில் அதே வீட்டில்தான் இருக்கிறான். மேடு ஏற முடியாது, சர்ச்சுக்குப் போவதில்லை. பகல் முழுக்கச் சமையலறையில், அடுப்புக்கும் பின்வாசலுக்கும் நடுவில் உள்ள நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.